கம்பெனி முறிவும் தொழிலாளர் நிலையும்

கடனைத் தீர்க்கமாட்டாது கைவிரிக்கும் வணிகரைக் குறித்து நம் நாட்டில் வழங்கும் சொற்கள் பல. ‘திவாலானார்’ என்பர் சிலர், ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’ என்பர் சிலர். ‘மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டார்’ என்பது கடைவீதி வழக்கு. இச்சொற்கள் யாவும் கடன்பட்டவரையும் கடன் கொடுத்தவரையுமே நம் கண்முன் கொணர்கின்றன. அவ்விருவருக்கும் இடையே நின்று, கடனும் வாங்காமல், வட்டியும் பெறாமல், நாள்தோறும் உழைத்துவந்த தொழிலாளரைப் பற்றிய நினைவு அவற்றுள் ஒன்றிலேனும் இல்லை. ஒரு பெருங் கம்பெனி முறியுங்கால் அவர்களுக்கு நேர்வது யாது? அவர்களுக்குச் சேரவேண்டிய பொருளைச் சட்டம் எவ்வரிசையில் வைத்திருக்கிறது? அவ்வரிசை நேரியதுதானா? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் கல்லூரி மாணவராகிய நமக்குப் புறம்பானதென்று எவரும் எண்ணற்க. இன்னுஞ் சில ஆண்டுகளில் நம்மிற் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுவோம். அக்கடிதத்தில் சம்பளத் தொகையை நோக்கி மகிழ்வோமேயன்றி, அதனைக் கொடுக்கும் கை வற்றிப்போனால் என்னாகும் என்று கருதுவோர் நம்முள் எத்துணைப் பேர்?

கம்பெனி என்பது யாது?

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். தனி வணிகன் ஒருவன் கடன்பட்டால், அவன் கடையும் வீடும் நிலமும் அக்கடனுக்கு ஈடாகும். கம்பெனியோ அவ்வாறன்று. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். அதற்கு உடலில்லை, உயிருமில்லை, ஆயினும் சொத்து வாங்கும், கடன்படும், வழக்காடும். பங்குதாரர் அதில் இட்ட முதலை இழப்பரேயன்றி, அதன் கடனுக்காகத் தம் வீட்டை இழவார். இக்கொள்கையை ஐயமற நிலைநாட்டியது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1896-ல் அளித்த சாலமன் வழக்குத் தீர்ப்பாகும். சாலமன் என்பார் காலணி செய்து விற்கும் வணிகர். அவர் தம் தொழிலைத் தாமும் தம் குடும்பத்தாரும் சேர்ந்து அமைத்த ஒரு கம்பெனிக்கு விற்றார். சிறிது காலத்தில் அக்கம்பெனி முறிந்தது. கடன் கொடுத்தோர் சாலமனைப் பற்றினர். ‘கம்பெனி வேறு, சாலமன் வேறு’ என்பதே பிரபுக்கள் சபையின் முடிவாயிற்று.

இவ்வேற்பாட்டைத் தீமையென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. நட்டம் தம் வீட்டுவாசல் வரை வாராதென்னும் உறுதி இருப்பதனாலன்றோ ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு தொகைகளை ஒன்றுசேர்த்து ஆலைகளையும் இருப்புப்பாதைகளையும் கப்பல்களையும் உண்டாக்கினர்! அவற்றால் வேலை பெற்றோரும் பலரே. எனினும், அதே சுவர்தான் கம்பெனி முறியும்போது தொழிலாளரையும் தடுத்து நிறுத்துகின்றது. அவர்கள் யாரிடம் உழைத்தனரோ அந்த ஆள் இறந்துபட்டது. அதன் பின்னே நின்ற செல்வரைத் தொட வழியில்லை. எஞ்சியிருப்பது கம்பெனியின் சொத்து மட்டுமே. அதனையும் பலர் சூழ்ந்து நிற்பர்.

ஜெட் ஏர்வேஸின் வரலாறு

இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குவாம். ஜெட் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனி 1992-ல் பதிவு பெற்று, 1993 மே மாதத்தில் தன் விமானங்களைப் பறக்கவிடத் தொடங்கிற்று. அதனைத் தோற்றுவித்தவர் நரேஷ் கோயல். கால் நூற்றாண்டுக் காலம் அது நம் நாட்டின் முதன்மையான விமானக் கம்பெனிகளுள் ஒன்றாய் விளங்கிற்று. 2007-ல் ஏர் சஹாரா என்னும் கம்பெனியை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அச்சுமை நெடுங்காலம் அதன் தோளை அழுத்திற்று. 2006-ல் இண்டிகோ முதலியவை குறைந்த கட்டணத்தில் பறக்கத் தலைப்பட்டன. பிரயாணிகளை இழக்கலாகாதென்று ஜெட் ஏர்வேஸும் கட்டணத்தைக் குறைத்தது. செலவைக் குறைக்க அதனாற் கூடவில்லை. 2013-ல் அபுதாபியின் எதிஹாட் கம்பெனி 24 விழுக்காடு பங்கை வாங்கி முதல் அளித்தது. அதுவும் போதவில்லை.

2018-ல் எண்ணெய் விலை ஏறிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 74 ரூபாயைக் கடந்தது. விமான வாடகையும் பழுதுபார்க்கும் செலவும் பெரும்பாலும் டாலரிற் கொடுக்கவேண்டியவை. வருமானத்தின் பெரும்பகுதியோ ரூபாயில் வருவது. இரண்டு வாய்க்கால்களிலும் ஒரே காலத்தில் உடைப்பு எடுத்தாற்போல் ஆயிற்று. சம்பளம் முதலில் காலந்தாழ்ந்தது, பின்பு பகுதியாக வந்தது, பின்பு நின்றது. 2019 மார்ச் 25-ஆம் நாள் நரேஷ் கோயல் நிர்வாக சபையினின்றும் விலகினார். ஏப்ரலில், தொடர்ந்து பறப்பதற்காகக் கம்பெனி வேண்டிய அவசரத் தொகையை வங்கிகள் அளிக்கவில்லை. ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு அமிர்தசரசிலிருந்து மும்பைக்குப் புறப்பட்ட விமானமே அதன் கடைசி விமானமாயிற்று. அன்று அதனை நம்பி வாழ்ந்த ஊழியர் ஏறத்தாழ 20,000 பேர். வங்கிகளுக்குக் கொடுக்கவேண்டிய கடன் மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது.

இவ்விடத்தில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கம்பெனியின் வண்டி நின்ற நாள் வேறு. சட்டம் அதனை நொடித்ததாக ஏற்றுக்கொண்ட நாள் வேறு. பாரத ஸ்டேட் வங்கியின் மனுவின்மேல் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பைக் கிளை வழக்கை ஏற்றது 2019 ஜூன் 20-ஆம் நாளில். சம்பளம் நின்றது அதற்கும் முன்னரே. கடன் கொடுத்தோர்க்கு நொடிப்பு ஒரு தேதி; தொழிலாளர்க்கோ அது பல மாதங்களாக வீட்டு அடுப்பில் தெரியும் செய்தி.

சட்டம் வகுத்த வரிசை

2016-ல் நம் நாட்டில் நொடிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. அதன் முதல் நோக்கம் கம்பெனியை விற்றுத் தீர்ப்பதன்று. இயலுமாயின் அதனை உயிருடன் மற்றொருவர் கையில் ஒப்புவித்தலே. வழக்கு ஏற்கப்பெற்றவுடன் நிர்வாகம் ஒரு தனி அதிகாரியின் கைக்கு மாறும். எவரும் கம்பெனியின்மேல் வழக்காடவோ சொத்தைப் பற்றவோ ஆகாதென்று தடை விழும். கம்பெனியை வாங்க முன்வருவோரின் திட்டங்களைக் கடன் கொடுத்தோர் குழு ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும். பணமாகக் கடன் கொடுத்த வங்கிகளே அக்குழுவில் வாக்களிப்பன. சம்பளம் நிலுவையுடைய தொழிலாளர்க்கு அங்கே வாக்கில்லை.

திட்டம் எதுவும் நிறைவேறாதாயின் கம்பெனி கலைக்கப்படும். அப்போது சொத்தை விற்று வரும் பணத்தை யார் யார்க்கு எவ்வரிசையிற் கொடுப்பதென்பதைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வகுத்தது. முதலாவது, வழக்கு நடத்திய செலவு முழுவதும். இரண்டாவது, தொழிலாளரின் 24 மாத நிலுவையும், ஈடு பெற்றுக் கடன் கொடுத்து அவ்வீட்டைப் பொதுவில் விட்டுக்கொடுத்தோரின் கடனும். இவ்விரண்டும் ஒரே படியில் நிற்பன. மூன்றாவது, ஏனை ஊழியரின் 12 மாத நிலுவை. அதன் பின்னரே ஈடின்றிப் பணங் கொடுத்தோரும், அரசாங்க வரியும், எஞ்சிய கடன்காரரும், இறுதியில் பங்குதாரரும் வருவர். இங்குத் ‘தொழிலாளர்’ என்றது கையுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்துவேலை முதலியன செய்வோரை; ‘ஏனை ஊழியர்’ என்றது பெரும்பாலும் நிர்வாகப் பொறுப்பிலுள்ளோரை.

இவ்வரிசைக்குப் புறம்பாக வைக்கப்பெற்றவையும் உண்டு. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி என்னும் மூன்றிலிருந்தும் தொழிலாளர்க்குச் சேரவேண்டியவை கம்பெனியின் சொத்தாகக் கொள்ளப்படா என்று 36-ஆம் பிரிவு கூறிற்று. அஃதாவது, பாகம் பிரிக்கும் பந்தியில் அப்பொருளைக் கொண்டுவந்து வைத்தலே ஆகாது. ஜெட் ஏர்வேஸின் ஊழியர்க்கு ஓரளவு துணைநின்றது இதுவே. 2021 ஜூன் 22-ஆம் நாள் ஜலான்-கால்ராக் கூட்டணியின் திட்டம் தீர்ப்பாயத்தால் ஏற்கப்பெற்றது. அதில் ஊழியர்க்கு ஒதுக்கிய தொகை அவர்கள் கோரியதிற் சிறு பகுதியே. ஊழியர் மேல்முறையீடு செய்தனர். 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் குறைவின்றிக் கொடுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

ஆயினும் தீர்ப்பு வேறு, கையில் விழும் பணம் வேறு. கூட்டணியார் ஒப்புக்கொண்டபடி முதலை முழுவதும் செலுத்தினாரல்லர். விமானமும் மீண்டும் பறந்திலது. 2024 நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்குமாறு கட்டளையிட்டது. வழக்காடும் நாளும் உட்பட 330 நாளுக்குள் நொடிப்பு வழக்கை முடித்தல் வேண்டுமென்று 2019-ல் திருத்தப்பெற்ற சட்டம் கூறிற்று. வழக்கு ஏற்கப்பெற்ற நாள் தொடங்கிக் கலைப்புக் கட்டளை வரையிற் சென்றவையோ 1,967 நாள்கள். இக்கால நீட்டிப்பு தொழிலாளரை மற்றொரு வகையிலும் தாக்கவல்லது. 24 மாதம், 12 மாதம் என்னும் கணக்குகள், சட்டத்தின் சொற்படி, கலைப்புத் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளுமாயின், ஒருவர் வியர்வை சிந்திய மாதங்கள் அவ்வெல்லைக்கு வெளியே நழுவிப்போய், வரிசையின் கடைப்படிகளில் விழக்கூடும்.

தொழிலாளரும் கடன் கொடுத்தவரே

வங்கிகளைத் தொழிலாளரோடு ஒரே படியில் வைத்தது ஏன் என்று சிலர் சினந்து வினவக்கூடும். வங்கி கொடுத்த பணம் வங்கியின் சொந்தப் பணமன்று. நம் பெற்றோர் போன்ற எளியோர் சேமித்து வைத்த பணமே. ஈட்டிற்கு மதிப்பில்லையென்றால் நாளை எவரும் தொழிலுக்குக் கடன் கொடார். கடனின்றேல் புதிய வேலைகளும் இல்லை. ஆதலின் வங்கிகளின் உரிமையை வெறும் பேராசை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

ஆனால் தொழிலாளரின் நிலையை அதனோடு ஒப்பிட்டுக் காண்க. ஒருவர் மாதம் முழுவதும் உழைத்து மாத முடிவில் சம்பளம் பெறுகிறார். அவ்வாறாயின் ஒவ்வொரு நாளும் அவர் தம் உழைப்பைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்து வருகிறார் என்பது தெளிவு. அக்கடனுக்கு வட்டியில்லை, ஈடில்லை, பத்திரமுமில்லை. வங்கியோ கடன் கொடுக்குமுன் கணக்குப் புத்தகங்களை ஆராய்கிறது. இடரின் அளவிற்கு ஏற்ப வட்டியை உயர்த்துகிறது. ஆயிரம் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒன்றன் நட்டத்தை மற்றொன்றன் இலாபத்தால் ஈடுசெய்கிறது. தொழிலாளர்க்கு இருப்பது ஒரே வேலை. அவர் தம் முழு முதலையும் ஒரே இடத்தில் இட்டவர். கம்பெனியின் கணக்கைப் பார்க்க அவருக்கு உரிமையில்லை. சம்பளம் ஒரு மாதம் தவறியவுடன் விட்டுவிலகவும் அவருக்குத் துணிவு வாராது. விலகினால் நிலுவையும் போய்விடுமோ என்னும் அச்சமே அவரை அங்கே கட்டிவைக்கின்றது. இவ்வாறு, எவர்க்கு அறிவிப்பு மிகக் குறைவோ, எவர்க்கு இழப்பைத் தாங்கும் வலிமை மிகக் குறைவோ, அவரே மிக எளிய நிபந்தனையிற் கடன் கொடுத்தவராகின்றார்.

இன்னும் வரிசையிலேயே காணப்படாத ஒரு கூட்டமும் உண்டு. விமான நிலையத்தில் மூட்டை சுமப்போரும், துப்புரவு செய்வோரும், உணவு சமைத்து அனுப்புவோரும் பெரும்பாலும் விமானக் கம்பெனியின் ஆட்களல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கம்பெனி முறிந்தால் ஒப்பந்தக்காரரின் பாக்கி ‘எஞ்சிய கடன்’ என்னும் தாழ்ந்த படியிற் சேரும். அங்கே பணம் எட்டாதாயின் அவர் தம் ஆட்களுக்கு என் கொடுப்பார்? வேலையிழந்தோர் இத்துணைப் பேர் என்று பத்திரிகைகள் கூறும் எண்ணில் இவர்கள் அடங்கார்.

வள்ளுவர் பொருட்பாலில் ‘உழவு’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘நல்குரவு’ என்பதையும், அதனை அடுத்து ‘இரவு’, ‘இரவச்சம்’ என்பவற்றையும் முறையே வைத்தார். உழைப்பு ஓய்ந்த இடத்தில் வறுமை தொடங்கும். வறுமை முற்றியவிடத்து இரத்தல் நேரும். அதற்கும் அஞ்சி மானமுடையார் உள்ளுக்குள்ளே நைவர். நிலுவைச் சம்பளத்துக்காக ஐந்தாண்டு நீதிமன்ற வாயிலை நோக்கியிருந்த குடும்பங்களின் நிலை இந்நான்கு அதிகாரங்களின் வரிசையாகவே எமக்குத் தோன்றுகின்றது.

பிற நாடுகளின் முறை

இவ்விடரைப் பிற நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதும் அறியத்தக்கது. கூலி நிலுவைக்கு முன்னுரிமை வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1949-ல் ஏற்ற உடன்படிக்கையே கூறிற்று. முதலாளி நொடித்த காலத்திற்கென்றே 1992-ல் தனி உடன்படிக்கை ஒன்றும் செய்தது. ஆயினும் வெறும் முன்னுரிமையால் முழுப் பயன் விளையாது. பெட்டியிற் பணமில்லையென்றால் வரிசையில் முதல்வனாய் நின்றும் என்ன? ஆதலால் ஐரோப்பிய நாடுகள் 1980-ல் வேறொரு வழியை வகுத்தன. முதலாளி கொடுக்கமாட்டாதபோது கூலி நிலுவையைக் கொடுப்பதற்கென ஒவ்வொரு நாடும் ஓர் உறுதி நிதியம் அமைத்தல் வேண்டும் என்பது அது. ஜெர்மனியில், கம்பெனி நொடித்தால் முந்திய மூன்று மாதச் சம்பளத்தை ஒரு வரம்புக்குட்பட்டு வேலைவாய்ப்பு அலுவலகமே தொழிலாளர்க்குக் கொடுத்துவிடும். அந்நிதி முதலாளிகள் அனைவரும் செலுத்தும் சிறு வரியால் நிரம்புவது. நிலுவையைப் பெறும் உரிமை தொழிலாளரிடமிருந்து அவ்வலுவலகத்துக்கு மாறும். ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது அலுவலகத்தின் வேலை. வழக்காடப் பொறுமையும் பொருளும் உடையவர் தோளில் வழக்கு. பசியுடையவர் கையில் பணம். இதனினும் செவ்விய முறை காண்டல் அரிது.

இங்கிலாந்தில் 2018 ஜனவரி 15-ஆம் நாள் கரிலியன் என்னும் பெருங் கட்டடக் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்நாட்டில் அதன் ஊழியர் ஏறத்தாழ 18,000 பேர். அவர்களுள் 2,700-க்கு மேற்பட்டோர் வேலையினின்றும் நீக்கப்பட்டனர். 13,000-க்கு மேற்பட்டோர் தாம் செய்த வேலையோடு வேறு கம்பெனிகளுக்கு மாற்றப்பெற்றனர். மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் சிறைகளையும் பேணும் அப்பணிகளை ஒருநாளும் நிறுத்தலாகாதாகையால், கலைப்பு நடக்குங்கால் அவை தொடர்ந்து நடைபெற அரசாங்கம் பொருளுதவி செய்தது. ஜெட் ஏர்வேஸின் விமானங்கள் நின்றபோதோ பிரயாணிகள் வேறு விமானங்களில் ஏறிக்கொண்டனர். வாடகைக்கு விட்டோர் தம் விமானங்களை மீட்டுச் சென்றனர். ஊழியருட் சிலரை மட்டும் ஸ்பைஸ்ஜெட் முதலிய கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. கம்பெனி முறிந்தாலும் வேலை முறியவேண்டுவதில்லை என்பதும், அது தானாக நிகழ்வதன்று, எவரேனும் பொறுப்பேற்றால் மட்டுமே நிகழ்வது என்பதும் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கினால் விளங்கும்.

நாம் அறிந்திருக்க வேண்டுவன

முடிவாக, வேலைக்குச் செல்லவிருக்கும் நண்பர்க்குச் சில கூறுதல் தகும். நியமனக் கடிதத்தையும் மாதந்தோறும் பெறும் சம்பளச் சீட்டையும் பழங்காகிதமென்று எறியற்க. நொடிப்பு அதிகாரியிடம் நிலுவை கோருங்கால் அவையே சாட்சி. வைப்பு நிதிக்கென்று சம்பளத்திற் பிடித்த தொகை உண்மையில் நம் கணக்கிற் சேர்ந்ததாவென்று அடிக்கடி நோக்குக. பிடித்தும் செலுத்தாதிருத்தல் கம்பெனியின் உள்நோயை வெளிப்படுத்தும் முதற்குறிகளுள் ஒன்றாகும். வழக்கு ஏற்கப்பெற்றதும் பத்திரிகைகளிற் பொது அறிவிப்பு வெளிவரும். அதிற் குறித்த நாளுக்குள் கோரிக்கையை எழுத்தில் அளித்தல் வேண்டும். தனித்தனியே நின்றோர்க்கு அரிதாயிருந்தது சங்கமாய்ச் சேர்ந்து வழக்காடியோர்க்குக் கிடைத்தது என்பதற்கு 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பே சான்று.

ஆயினும் இவையெல்லாம் குடை பிடித்தலைப் போல்வன. மழையை நிறுத்துவன அல்ல. நம்முள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். சிலர் வங்கி உத்தியோகஸ்தராகலாம். சிலர் சட்டசபையில் அமரலாம். சிலர் தாமே கம்பெனி நடத்தலாம். அங்ஙனம் உயர்ந்தோர் ஒரு நொடிப்பு வழக்கின் ஏட்டைப் புரட்டும்போது, கடன் கொடுத்தோர் பட்டியலில் வங்கிகளின் பெயர்க்குக் கீழே ‘ஊழியர்’ என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். அவ்வொரு வரிக்குள் இருபதினாயிரம் வீடுகள் இருக்கலாம் என்பதை அவர்கள் நினைவு கூர்வாராயின், அவ்வரியை மேலே உயர்த்துதற்கும், ஜெர்மனியிற் போன்றதோர் உறுதி நிதியம் இந்நாட்டில் அமைவதற்கும் வழி பிறக்கும்.